ஆறாம் நம்பர் கேமராவின் பதினோரு விநாடிகள்

இன்னொரு தரம் பார்க்கலாம், மூலக்கடை வருவதற்குள் ஒரு சுற்று முடிந்துவிடும், சத்தம் வேண்டாம், சத்தம் வைத்தால் பாட்டு கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போகும், படத்தைப் பார்க்க விடாது, பன்னிரண்டு வருஷமாகக் கண்காணிப்பு அறையில் பதினாறு திரைகளைச் சத்தமில்லாமல் பார்த்துப் பழகின கண் இது, இதற்கு ஊமைப் படம்தான் சரி. மூன்று நிமிஷம் ஐம்பத்திரண்டு விநாடி. இதுவரை ஏழு தரம் ஆயிற்று, வீட்டில் பாயில் உட்கார்ந்து மூன்று, கக்கூஸில் ஒன்று, பஸ்ஸுக்கு நிற்கும்போது இரண்டு, ஏறி ஜன்னல் ஓரம் கிடைத்ததும் ஒன்று. வெயில் போன் கண்ணாடியில் விழுந்து பாதிப் படத்தைத் தின்கிறது, உள்ளங்கையைக் குவித்து நிழல் கட்டிக்கொண்டு பார்க்கிறேன், பக்கத்தில் இருக்கிற பூக்கூடைக்காரம்மா நான் ஏதோ பார்க்கக்கூடாததைப் பார்க்கிறேன் என்று நினைத்துக் கூடையை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டாள். பார்க்கக்கூடாததுதான். எட்டரைக்கு பிரான்சிஸ் சார் போன் பண்ணினார், கிடங்கின் மானேஜர், நான் டூட்டி முடிந்து வந்து படுத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, என் பெண்டாட்டி விமலா போனைக் காதில் வைத்துவிட்டுப் போனாள். தணிகாசலம், யூட்யூப்ல நம்ம கிடங்கு வந்திருக்கு, பாத்தீங்களா என்றார், ஏதோ கல்யாணச் செய்தி சொல்கிற குரலில். ஒரு ராப் பாட்டு, நடுவில் நம் ஆறாம் நம்பர் கேமராவின் படம், கண்ட்ரோல் ரூம் திரையை யாரோ போனில் எடுத்திருக்கிறார்கள், அந்தத் தேதியில் டூட்டி நீங்கள். பதினோரு மணிக்கு வந்து எழுதிக் கொடுக்க வேண்டும். எடுத்தவன் பெயரைக் கொடுத்தால் கம்பெனி அவன்மேல் போலீஸில் கொடுத்துவிட்டு என்னை எச்சரிக்கையோடு விட்டுவிடலாம், மேலே அவர் பேசிப் பார்ப்பார். கொடுக்காவிட்டால் நான்தான் எடுத்தேன் என்று ஆகும், இன்றோடு வேலை இல்லை. பெயர் ஒன்று, வேலை ஒன்று. பெயர் எனக்குத் தெரியும். படத்தின் கடைசியில் வெள்ளை எழுத்தில் ஓடுகிறது, ஒளிப்பதிவு லோகு என்று, ஆனால் ஊரில் எத்தனை லோகு, அதை வைத்து அவர் யாரைப் பிடிப்பார், நான் சொன்னால்தான் அது வியாசர்பாடி லோகநாதன், முப்பது வருஷமாக என் கூட இருக்கிறவன்.

முதல் காட்சி ட்ரோன். ஹவுசிங் போர்டு மொட்டை மாடிகள், கறுப்புக் கறுப்பாகத் தண்ணீர்த் தொட்டிகள், மேலே இருந்து பார்த்தால் கேரம் போர்டில் காய் கலைந்து கிடக்கிற மாதிரி. கேமரா இறங்குகிறது, ஒரு தொட்டிமேல் பாடுகிறவன் நிற்கிறான், அவனை நெருங்கி, தோளைத் தாண்டி, பின்னால் மாடிப்படியில் ஓடி இறங்குகிறது. வெட்டே இல்லாத மாதிரி இருக்கும். இருக்கிறது. ட்ரோன் அவன் கறுப்புப் பனியனுக்கு அருகே வந்து திரை முழுக்கக் கறுப்பாகிற அந்தக் கால் விநாடியில் ட்ரோன் முடிந்து கைக்கேமரா தொடங்குகிறது. பார்க்கிறவர்கள் ஆ என்பார்கள். எனக்கு வாழை மரம் ஞாபகம் வருகிறது. கல்யாண மண்டப வாசலில் கட்டின வாழை மரத்தின் தண்டைத் திரை முழுக்க நிரப்பி, வெளியே மாப்பிள்ளை காரிலிருந்து இறங்குவதையும் உள்ளே மேடைக்கு ஏறுவதையும் ஒட்டுவான் லோகு, தொண்ணூற்று எட்டில், அவன் தோளில் கேமரா, என் கையில் லைட், ஆயிரம் வாட், பிடித்த பிடியில் கை ரோமம் பொசுங்கும். மாமே, கொஞ்சம் எறக்கு, கண்ணு கூசுது பொண்ணுக்கு என்பான். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, வெளிச்சம் எங்கே விழுந்தால் மூக்கு நிழல் உதட்டைத் தொடாது என்று அந்தப் பொண்ணுகளின் முகங்களில்தான் கற்றுக்கொண்டேன், அப்புறம் பழைய பேப்பர்க் கடையில் பாதி கிழிந்த ஒரு போட்டோகிராபிப் புத்தகம், ஆங்கிலத்தில், அகராதி வைத்துக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுக்கப் படித்தேன், லோகு சிரித்தான், லைட் புடிக்கறவனுக்கு இன்னாத்துக்குடா இங்கிலீஷு என்று. அடுத்த ஷாட்டைப் பார், தரையோடு தரையாகக் கேமரா, அகல லென்ஸ், பாடுகிறவன் கையை நீட்டினால் கை ஆள் உயரத்துக்கு வளர்கிறது, தலை சின்னதாகி ஆகாசத்தில் போய் ஒட்டுகிறது. இந்த மாதிரிப் பாட்டுக்காரர்களுக்கு இந்தக் கோணம் உயிர். யாரும் நிமிர்ந்து பார்க்காத ஆட்களை ஊரே நிமிர்ந்து பார்க்கிற மாதிரி ஆக்கிவிடும். அப்புறம் ஷூவில் தொடங்கி மெதுவாக மேலே ஏறி, முழங்கால், கை மோதிரம், சங்கிலி, மூஞ்சி. இது ராப் வீடியோ பார்த்துக் கற்றது இல்லை, மெட்டியில் தொடங்கிப் பூவில் முடிகிற அவனுடைய மணப்பெண் ஷாட், நூறு தரம் அவன் பின்னாலேயே லைட்டைத் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறேன், எந்த இடத்தில் மூச்சு வாங்குவான் என்றுகூடத் தெரியும், இதோ, சங்கிலியில் ஒரு சின்னக் குலுக்கல், அதுதான். மூலக்கடை. பூக்கூடைக்காரம்மா இறங்கவில்லை. ரவுண்டானாவில் இறங்குவாள் போல.

பாட்டின் கருத்தே மேலே, கீழே. மேலே இருக்கிறவன் பார்க்கிறான், கீழே இருக்கிறவன் பார்க்கப்படுகிறான். பையன்கள் வருகிற எல்லாக் காட்சியும் கீழிருந்து, மஞ்சளாக, சூடாக. அவர்களைப் பார்க்கிறவன் வருகிற காட்சி எல்லாம் மேலிருந்து, பச்சையாக, பாசி பிடித்த தொட்டிக்குள் பார்க்கிற மாதிரி. யோசித்துத்தான் செய்திருக்கிறான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒன்று நாற்பத்தொன்று. வருகிறது. இங்கே நிறுத்துகிறேன். எட்டு தரம் நிறுத்தியாகிவிட்டது. கிடங்கின் மூன்றாம் வாசல், பெண்கள் ஷிப்ட் முடிந்து வரிசையாக வெளியே போகிறார்கள், கறுப்பு வெள்ளை, மேலே வலது மூலையில் ஆறு என்று நம்பர், கூடவே தேதி, அதை வெட்டக்கூட இல்லை. படத்தின் குறுக்கே மெல்லிசாக வரிகள் ஓடுகின்றன, ஈரப் பட்டுப் புடவையை வெயிலில் ஆட்டினால் ஓடுமே அந்த மாதிரி, திரையைப் போனில் எடுத்தால் மட்டும் வருகிற வரிகள், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சின்னப் பிள்ளைக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. இந்தப் படம் நேராக இல்லை. இடது ஓரம் உயரமாக, வலது ஓரம் குறுகலாக, ஒரு பக்கம் சாய்ந்த கதவு மாதிரி. அப்படியானால் எடுத்தவன் திரைக்கு இடப்பக்கம், நாலடி தள்ளி, உட்கார்ந்த உயரத்தில். அந்த இடத்தில் ஒரு நாற்காலிதான் உண்டு. கால் ஒன்று ஆடுகிற சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி, நான்தான் சாப்பாட்டு அறையிலிருந்து கொண்டுவந்து போட்டேன், காலுக்கு அட்டை மடித்து வைத்தேன், லோகு கனமான ஆள், விழுந்துவிடக் கூடாது என்று. மாசத்தில் மூன்று நாலு தரம் வருவான். கல்யாண வேலை எல்லாம் புதுப் பையன்கள் கைக்குப் போய், பெண்டாட்டி திருத்தணிக்குப் போய், தூக்கம் வராமல் பைக்கை எடுத்துக்கொண்டு செங்குன்றம் ரோட்டில் சுற்றுகிறவன், கேட்டில் இருக்கிற நேபாளிக்கு ஒரு சிகரெட், எனக்கு நாலு பரோட்டா, தனியாகச் சால்னா. வெளி ஆளை விடக்கூடாது என்று சேரும்போதே கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். வெளி ஆள். அவனை அப்படி நினைத்ததே இல்லை. பதினாறு திரைக்கு முன்னால் ஒருத்தன் தனியாக உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று கையெழுத்து வாங்கினவர்களுக்குத் தெரியாது, ஒன்றுமே நடக்காத பதினாறு இடங்களை ஒரே நேரத்தில் பார்ப்பது என்பது ஒரு இடத்தைக்கூடப் பார்க்காத மாதிரிதான், அவன் வந்தால் நாங்கள் இரண்டு பேரும் அதையே சினிமா ஆக்குவோம், டேய் எட்டாவது பார், லாரி வெளிச்சம் சுவத்தில் திரும்புது பார், ஐயோ என்ன ஒரு ஷாட்டு, அதை அப்படியே வச்சிக்கினா டைட்டில் போட்டுடலாம். சிரிப்போம். சால்னா கையோடு திரையைக் காட்டி நான் பேசுவேன், அவன் கேட்பான். கேட்டுக்கொண்டே மடியில் போனை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறான்.

ஒன்று ஐம்பத்திரண்டு. பதினோரு விநாடி முடிந்ததும் உடனே மூடி. இதைப் பார்க்கத்தான் திரும்பத் திரும்ப வருகிறேன், வேலையை நினைத்து இல்லை, பிரான்சிஸ் சாரை நினைத்து இல்லை. நேர் மேலிருந்து, சிமென்ட் தரை, ஒரு எவர்சில்வர் டிபன் மூடி விழுந்து தன் ஓரத்திலேயே சுற்றுகிறது, ஆள் இல்லை, கை இல்லை, கால் இல்லை, மூடி மட்டும், சுற்றுகிற வேகம் குறையக் குறைய அதன்மேல் விழுகிற வெளிச்சம் ஒரு கோடாக உடைந்து, நின்று, மறுபடி உடைந்து. ஏழு விநாடி. ராப் பாட்டில் ஏழு விநாடி வெட்டாமல் ஒன்றை வைத்திருப்பது என்பது பைத்தியக்காரத்தனம், பாட்டு முழுக்க ஆள் இல்லாத ஷாட் எதுவும் ஒரு விநாடிக்கு மேல் நிற்பதில்லை, அதனால்தான் இது நெஞ்சில் போய் விழுகிறது. கீழே கருத்துப் போட்டவர்கள் எல்லாரும் இதைத்தான் எழுதியிருக்கிறார்கள், அந்த மூடி ஷாட் செத்துட்டேன், மூடி ஷாட் எடுத்த கைக்கு முத்தம். என் ஷாட் அது. நான் சொன்னது. வார்த்தைக்கு வார்த்தை. மூன்றாம் வாசலில் அது நடந்த வாரம் லோகு வந்தபோது எனக்குப் பரோட்டா இறங்கவில்லை, கோமளா கதையைச் சொன்னேன். வெளியே போகிற வரிசையில் பத்துக்கு ஒருத்தரை நிறுத்திப் பையைப் பார்க்க வேண்டும், யாரை என்று கண்ட்ரோல் ரூமில் இருக்கிறவன் மைக்கில் சொல்வான், பெயர் கிடையாது, நம்பர்தான், மூணாவது ஆள், ஏழாவது ஆள். அன்றைக்கு மூணாவது ஆள் என்றேன். முப்பத்தைந்து வயசிருக்கும், பொன்னேரிப் பக்கமிருந்து கான்ட்ராக்டர் வேனில் வருகிறவர்களில் ஒருத்தி. காவலாளி பையை வாங்கி டிபன் டப்பாவைத் திறந்து தலைகீழாகக் கொட்டினான், அப்படிக் கொட்டச் சொல்லி யாரும் சொல்லவில்லை, நான் சொல்லவில்லை, சாம்பார் சாதம் தரையில் விழுந்தது, அவள் சாப்பிடாமல் வீட்டுக்கு எடுத்துப் போகிற சாதம், மூடி உருண்டு போய்ச் சுற்றி நின்றது. ஒன்றும் இல்லை உள்ளே. நான் கேமராவை இழுத்து மூடியைக் கிட்டே பார்த்தேன், ஏன் பார்த்தேன் என்று தெரியாது, அவள் முகத்தைப் பார்ப்பதற்குப் பதில் அதைப் பார்த்தேன் போல. கல்யாணத்துக்குக் கொடுத்த பாத்திரம், மூடியில் பெயர் வெட்டியிருந்தது, புள்ளி புள்ளியாக, கோமளா. அப்படித்தான் அவள் பெயர் எனக்குத் தெரியும். லோகுவிடம் சொன்னேன், இதை நான் எடுத்தால் ஆளே காட்ட மாட்டேன்டா, மேலேருந்து மூடி மட்டும், சுத்தற வரைக்கும் வெட்ட மாட்டேன், நின்னதும் பேர் தெரியும், பேர் படிக்கிற வரைக்கும் வச்சிருப்பேன், அவ்வளவுதான் என்றேன். லோகு பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே தலையாட்டினான். இதில் மூடி நிற்கிறது. பெயர் இல்லை. புது மூடி, கடையில் ஒட்டின ஸ்டிக்கரின் பசை வட்டமாக இன்னும் இருக்கிறது. பெயர் வருவதற்குள் வெட்டிவிட்டான், வெட்டி எங்கே போகிறான் என்றால், ஒரு கண். திரை முழுக்க ஒரு கண். அப்புறம் அந்தக் கண்ணுக்குச் சொந்தக்காரன்.

அவனைப் பார்க்கப் பிடிக்கவில்லை, ஆனாலும் பார்க்கிறேன். நாற்காலியில் ஒரு ஆள், என்னை மாதிரியே நீலச் சட்டை, கழுத்தில் சிவப்புக் கரை போட்ட துண்டு, பச்சை வெளிச்சம் கீழே இருந்து தாடையில் அடிக்கிறது, மீன் கண் லென்ஸ், மூஞ்சி நடுவில் வீங்கிக் காது இரண்டும் பின்னால் ஓடுகிறது. புருவ மயிரை இரண்டு விரலால் இழுத்துக்கொண்டே திரைகளைப் பார்க்கிறான். நான் அப்படிச் செய்வேனா என்று விமலாவைக் கேட்டேன், எப்பப் பாத்தாலும் அதத்தானே செய்றீங்க, அந்தப் பக்கம் பாதி புருவமே இல்ல என்றாள். கையில் பரோட்டா. சால்னா விரல் வழியாக ஒழுகுகிறது, மிக அருகில், மெதுவாக, ரத்தம் ஒழுகுகிற மாதிரி எடுத்திருக்கிறான். லோகு வாங்கிக்கொண்டு வந்த பரோட்டா. வேண்டாம்டா வயிறு சரியில்ல என்றாலும் இலையைப் பிரித்து வைத்துத் தின்னு என்று சொல்லி வாங்கிக் கொடுத்த பரோட்டா. கீழிருந்து வெளிச்சம் அடித்தால் சாமியாரும் பேயாகத் தெரிவான், அந்தப் பாதிப் புத்தகத்தில் முதல் பாடம், மேலும் அவனுக்கு அதைப் படித்துக் காட்டினவனே நான். மாதவரம் ரவுண்டானாவில் பஸ் நிற்கிறது, நிற்கிறது, நகர மாட்டேன் என்கிறது. பத்து இருபது. இறங்கிப் போய்விடலாமா என்று ஒரு நினைப்பு, இறங்கி எங்கே, இறங்கினால் பெயர் கொடுக்காதவன் ஆவேன், வேலை போகும், நாற்பத்தெட்டு வயசில் லைட் பிடிக்கக்கூடக் கூப்பிட மாட்டார்கள், இப்போது லைட்டே விரல் நீளம்தான், யாரும் பிடிக்க வேண்டாம். விமலா கிளம்பும்போது ஒன்றுதான் சொன்னாள். "அவர் பேரைச் சொல்லிடுங்க. அவர் உங்களைக் கேட்டுட்டா எடுத்தாரு?" சட்டையை அயர்ன் பண்ணிக் கொடுத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல். போன் அடிக்கிறது. லோகு. படத்துக்கு மேலேயே அவன் பெயர் வந்து நிற்கிறது, கண் இருந்த இடத்தில்.

இன்னாடா தூங்கலியா என்றான், குரலில் புதுச் சட்டை போட்ட சந்தோஷம், மூணு நாள்ல ரெண்டு லட்சம் பேர் பாத்துக்கிறான் மாமே, மலேசியாலேருந்துலாம் போடறான் என்றான். பிரான்சிஸ் சார் கூப்பிட்டதைச் சொன்னேன், பெயர் கேட்பதைச் சொன்னேன், போலீஸ் என்றதைச் சொன்னேன். பக்கத்தில் ஓடுகிற மிக்சி சத்தத்தை விட்டு நகர்ந்து வந்தான். அப்புறம் பேசினான், தெரியாதுன்னு சொல்லிடு, எவனோ பகல் ஷிப்ட்காரன் எட்த்துட்டான்னு சொல்லு, அதுல எவன் மூஞ்சி தெரியுது, ஒண்ணும் ஆவாது, பசங்க கேட்டானுங்கடா, ஒரிஜினல் மாதிரி எதனா வேணும்ணே என்று, அதான், உன் கிட்ட சொல்லலாம்னுதான் இருந்தேன். நான் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை. அந்தப் பச்சை ஆளைப் பற்றிக் கேட்கவில்லை. "மூடி எப்பிட்றா எட்த்தே?" என்றேன். "எந்த மூடி?" "சுத்துதே." "ஓ அதுவா. அது ஸ்பாட்ல தோணுச்சுடா. டக்குனு. பசங்களே மெர்சலாயிட்டானுங்க, எப்டிணே யோசிக்கிறன்னு." பொய் இல்லை. முப்பது வருஷம் கேட்ட குரல், அவன் பொய் சொன்னால் கடைசி எழுத்தை இழுப்பான், இழுக்கவில்லை. அவனுக்கு உண்மையாகவே தோன்றியிருக்கிறது. அன்னிக்கு நான் இன்னா சொன்னேன்னு ஞாபகம் இருக்குதா என்று கேட்டேன். நீ எவ்ளோ சொல்லுவே மாமே, ராவெல்லாம் நீதானே பேசுவே, எதைன்னு நான் ஞாபகம் வச்சிக்கினு இருப்பேன் என்று சிரித்தான், பாசமாகத்தான் சிரித்தான். சரிடா பஸ்ல இருக்கேன் என்று வைத்துவிட்டேன். திருடினவன் என்றால் சண்டை போடலாம், போய்க் கதவைத் தட்டலாம், நடுத்தெருவில் நிறுத்தி நாலு வார்த்தை கேட்கலாம், இவன் திருடக்கூட இல்லை, நான் பேசினது அவனுக்குள் போய்க் கரைந்து அவனுடையதாகவே வெளியே வந்திருக்கிறது, சால்னா மாதிரி, யார் வாங்கினது யார் தின்றது என்று யார் கேட்கப் போகிறார்கள். அப்போது நான் யார். பன்னிரண்டு வருஷம் பேசினதெல்லாம் எங்கே. லைட் பிடித்தவனின் பெயர் எந்தக் கல்யாண கேசட்டிலும் கிடையாது, வெளிச்சம் மட்டும் இருக்கும், அதைக்கூட நான் பெரிசாக எடுத்துக்கொண்டது இல்லை, ஆனால் இந்த ஏழு விநாடி, இது ஒன்றாவது. நானே எடுத்தேன் என்று எழுதிவிடுகிறேன். புழல் தாண்டும்போது ஜெயில் சுவரைப் பார்த்துக்கொண்டே முடிவு பண்ணினேன். திரையைப் படம் எடுத்தது நான், மூடியை யோசித்தது நான், கீழே கையெழுத்து தணிகாசலம். கூட்டாளியைக் காப்பாற்றினான் என்று நினைப்பார்கள், விமலா தலையில் அடித்துக்கொள்வாள். காப்பாற்ற இல்லை. ஒரு காகிதத்திலாவது அது என் பெயரில் இருக்கட்டும், அந்தக் காகிதமே என்னை வேலையிலிருந்து அனுப்புகிற காகிதமாக இருந்தாலும்.

கடைசித் தரம், காவாங்கரை வந்தாயிற்று, இனி பார்க்க நேரம் இருக்காது. ஒன்று நாற்பத்தொன்று. வரிசை நகர்கிறது. ஏன் இங்கே மெதுவாகிறது. எட்டு தரம் பார்த்தும் இதை விட்டேன், வரிகளையும் சாய்வையும் பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசை வழக்கமான வேகத்தில் வருகிறது, மூன்றாவதாகக் கோமளா வரும்போது மட்டும் பாதி வேகம், அப்புறம் கால் வேகம். அவள் தலை நிமிர்கிறது. கேமராவைப் பார்க்கிறாள். அப்படி யாரும் பார்ப்பதில்லை, எல்லாரும் குனிந்துதான் போவார்கள், பன்னிரண்டு வருஷத்தில் நிமிர்ந்து பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கோபமாகக்கூட இல்லை, இங்கே ஒருத்தன் இருக்கிறான் போல என்று பார்க்கிற பார்வை, மாடியில் யாரோ நடக்கிற சத்தம் கேட்டால் பார்ப்போமே அது. அவள் கண் இறங்கின அடுத்த கணம் காவலாளி ஒலிபெருக்கியில் என் குரலைக் கேட்டு அவள் பக்கம் திரும்புகிறான். இரண்டு விநாடி இடைவெளி. லோகு அதை ஐந்து விநாடி ஆக்கியிருக்கிறான். இதை நான் அவனிடம் சொல்லவே இல்லை. சும்மா வாயில் வந்த நம்பர்டா, மூணு, அவ்வளவுதான் என்றேன், பாவம்டா என்றேன், ராத்திரி சோறு இறங்கல என்றேன், எல்லாம் சொல்லிவிட்டு இதை மட்டும் விழுங்கிக்கொண்டேன், எனக்கே சொல்லிக்கொள்ளாமல். நிமிர்ந்து பார்த்தாள் என்றுதான் மூன்று என்றேன். என்னைப் பார்த்துவிட்டாள் என்று ஏதோ ஒரு எரிச்சல், எரிச்சல்கூட இல்லை, பயம், ஒளிந்திருக்கிறவனைக் கண்டுபிடித்தால் வருகிற பயம், அதற்கு என் கையில் ஒரு மைக் இருந்தது. லோகு பேசாமல் உட்கார்ந்து பரோட்டா பிய்த்துக்கொண்டே இதைப் பார்த்துவிட்டிருக்கிறான், பழைய பதிவை நான் ஓட்டிக் காட்டினேன் அல்லவா, பார் இங்க, பார் எப்படிக் கொட்டறான் என்று. மூடியைப் பார்க்கச் சொல்லி விரலை நீட்டினேன், அவன் அதற்கு முந்தின இரண்டு விநாடியைப் பார்த்தான். ஆளே காட்ட மாட்டேன், மூடி மட்டும் என்று எவ்வளவு பெருமையாகச் சொன்னேன். படச் சட்டத்தை ஒரு அடி அகலப்படுத்தினால் சுவரில் என் குரல் வருகிற ஒலிபெருக்கி தெரியும், அதனால்தான் மூடி மட்டும். மூடி என்னுடையது, அங்கிருந்து கண்ணுக்குப் போகிற வெட்டு அவனுடையது, வெட்டுதான் சரி. சரி என்பதுதான் தாங்க முடியவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்னை, ஏன்டா அந்தப் பொம்பளய நிறுத்தினே என்று, பரோட்டாவைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டிருக்கலாம், அழுதிருப்பேன். கேட்காமல் இரண்டு லட்சம் பேரிடம் சொல்லியிருக்கிறான். அவளைக் கேட்டானா. அவளும் அந்த வாரத்துக்கு அப்புறம் வேனில் வரவில்லை, இன்னொருத்தி வருகிறாள், வரிசையில் நம்பர் அதேதான்.

பிரான்சிஸ் சார் அறையில் ஏசி, எனக்குச் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. உக்காருங்க, டீ சொல்லட்டுமா என்றார். வேண்டாம் சார் என்றேன். வெள்ளைத்தாளும் பேனாவும் ஏற்கெனவே என் பக்கம் வைத்திருந்தார். நான் நின்றுகொண்டே, நானே எடுத்தேன் சார் என்றேன், பஸ்ஸில் பண்ணின முடிவு அது, வேறு எதையும் வாய் அறியவில்லை. அவர் என்னைப் பார்த்தார், திட்டப் போகிறவர் மாதிரி இல்லை, கணக்கு தப்பாகப் போட்ட பிள்ளையைப் பார்க்கிற மாதிரி. மேஜைமேல் இருந்த பெரிய மானிட்டரை என் பக்கம் திருப்பினார், பாட்டை ஒன்று நாற்பத்தாறில் நிறுத்தி, கறுப்பாக இருந்த ஓரத்தைப் பெரிசாக்கிக்கொண்டே போனார். என் போனில் அது வெறும் இருட்டு. இங்கே அந்த இருட்டில் ஒரு ஆள். திரைக் கண்ணாடியில் பிரதிபலித்து, நாற்காலியில் தலை பின்னால் சாய்ந்து, வாய் திறந்து, கழுத்தில் துண்டு. பதினாறு திரை வெளிச்சமும் மூஞ்சியில் விழுந்திருந்தது, மூக்கு நிழல் உதட்டைத் தொடவில்லை. வயசான ஆளாக இருந்தான். இடப்பக்கம் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவனைத் தாண்டி நீட்டின ஒரு கை, போன், எழுப்பிவிடக் கூடாது என்று கவனமாக நீட்டின மாதிரி. "தூங்கறது நீங்க" என்றார் பிரான்சிஸ் சார். "அப்ப எடுக்கறது யாரு?" தூங்கினதுக்குத் தனியாக எழுத வேண்டியிருக்கும், அதோடு அவர் மேலே பேசுவதற்கும் ஒன்றுமில்லை என்றார், பெயர் கொடுத்தாலும் வேலை இருக்கும் என்று இனிச் சொல்ல முடியாது, கொடுப்பது உங்க இஷ்டம் என்றார். உட்கார்ந்தேன். பேனா நன்றாக எழுதியது. திரையைப் படம் எடுத்தவர் கே. லோகநாதன், வியாசர்பாடி, என் நண்பர், உள்ளே விட்டது நான், பழைய பதிவை ஓடவிட்டுவிட்டு அந்த நேரம் தூங்கிவிட்டேன் என்று எழுதினேன். வேலைக்காக இல்லை, அது போய்விட்டது, பழிக்கு என்றுகூடச் சொல்ல முடியாது, பழிக்காகவும்தான், எடுத்தவன் அவன், பெயரும் அவனுடையதாகவே இருக்கட்டும். நிறுத்தியிருக்கலாம். கை நிற்கவில்லை, மேலும் எழுதியது. அன்று மூன்றாம் வாசலில் மூணாவது ஆளைச் சோதிக்கச் சொன்ன குரல் என்னுடையது. அந்த அம்மாள் கேமராவை நிமிர்ந்து பார்த்தார், அதனால் சொன்னேன், வேறு காரணம் இல்லை. டப்பாவில் சோறு தவிர எதுவும் இல்லை. அவர் பெயர் கோமளா. சார் தாளைத் திருப்பிப் படித்தார், முதல் பாதிக்குத் தலையாட்டினார், இரண்டாம் பாதிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். இதை யாரும் கேக்கலையே தணிகாசலம், இது எதுக்கு ஃபைல்ல, நாளைக்கு அந்தம்மா வந்து நின்னா கம்பெனிதான் பதில் சொல்லணும், அந்த வரிங்கள அடிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க என்றார், பேனாவை அவரே எடுத்து நீட்டினார். வாங்கினேன். அடித்தேன். ஒவ்வொரு வரிக்கும் ஒரே ஒரு கோடு, மெல்லிசாக, நடுவில், அடியில் இருக்கிறதை யார் வேண்டுமானாலும் படிக்கிற மாதிரி, பெயர் வந்த இடத்தில் இன்னும் மெதுவாக.